பதிவில்லாத எச்சில்

என் மனைவியின் வாயில் எவனோ ஒருவன் குடியிருந்தான். இதை எனக்குச் சொன்னது ஊர்வாய் இல்லை, எங்கள் வீட்டு வாய்க்கண்ணாடி.

திருப்பூரில் இப்போது வாய்க்கண்ணாடி இல்லாத வீடு குறைவு. கை கழுவும் பேசினுக்கு மேலே மாட்டியிருக்கும், பார்த்தால் சாதாரணக் கண்ணாடிதான். பல் விளக்கித் துப்பினால் பேசினுக்கு அடியில் இருக்கும் பெட்டி அந்த நுரையைப் படித்துவிடும். பல்லுக்கு ஒரு மார்க், ஈறுக்கு ஒரு மார்க், நாக்குக்கு ஒரு மார்க் என்று காலையிலேயே பரீட்சை முடிவு முகத்துக்கு நேரே வந்து நிற்கும். திங்கட்கிழமை மட்டும் நான்காவதாக ஒன்று வரும். அதற்குப் பெயர் ஒட்டு. ஒரே வீட்டில் இருப்பவர்களின் வாய்க்கிருமிகள் எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று அது சொல்லும்.

ஈறு நோய் வீட்டில் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஒட்டைக் கொண்டுவந்தார்கள். நம் ஜனங்கள் அதை வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் விருந்துக்கு வரும் சொந்தக்காரர்கள் கை கழுவுகிற சாக்கில் பேசின் பக்கம் போய் எட்டிப் பார்ப்பார்கள். ஒட்டு அறுபதுக்கு மேல் இருந்தால் முகம் மலரும். குறைந்திருந்தால் சாப்பாட்டில் உப்பு குறைந்ததுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மாள் மருமகளின் ஒட்டு இறங்கிவிட்டதென்று பெரியவர்களைக் கூட்டிப் பேசவே வைத்துவிட்டார்.

அந்தத் தை மாதத் திங்கட்கிழமை கண்ணாடியில் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்திருந்தது. என் மார்க்குகளைப் பார்த்தேன். பல் தொண்ணூற்றேழு, ஈறு தொண்ணூற்றாறு, நாக்கு தொண்ணூற்றைந்து. அதற்கு அடுத்த பக்கத்தில் என் மனைவி சம்யுக்தா. என்னோடு ஒட்டு பதினொன்று. அதற்குக் கீழே, இதுவரை வராத ஒரு வரி.

பதிவில்லாதவர்: ஒருவர். பங்கு: ஐம்பத்தெட்டு.

நான் பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங்கில் இருப்பவன். இப்போது மெஷின்தான் துணியைப் பார்க்கிறது, நான் மெஷினைப் பார்க்கிறேன். ஆயிரம் பீஸில் ஒரு நூல் விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவன் வீட்டில் பாதிக்கு மேல் ஓட்டை என்றால் எப்படி இருக்கும்? பொறாமை எனக்குப் புதிதில்லை, ஆனால் அன்றுதான் அது சோறு தண்ணீர் இறங்காத அளவுக்கு வந்தது.

என் வாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு வரை என் ஈறுகளிலிருந்து காலையில் ரத்தம் வரும். கீழ்ப்பல் இரண்டு ஆடின. வாய் நாற்றம் எனக்கே தெரிந்தது. கூட்டத்தில் பேசும்போது கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொள்வேன். அப்போதுதான் பல் டாக்டர் மெர்சி ரூபாவதி, துடைப்பு வைத்தியம் இருக்கிறது என்றார். மூன்று நாள் துடைப்பு மருந்தில் வாய் கொப்பளித்தால் இருக்கிற கிருமி, நல்லது கெட்டது எல்லாம், சுத்தமாகப் போய்விடும். பிறகு மூன்று நாள் நல்விதை என்ற பொடி. கம்பெனி வளர்த்த சாதுவான கிருமிகள் அதில் இருக்கும், காலி நிலத்தில் வேர்பிடித்துவிடும். நாடு முழுக்கப் பன்னிரண்டு லட்சம் பேர் வாயில் அதே விதைதான்.

எனக்கு அது மறுபிறவி. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிரஷைச் சாய்த்துப் பிடித்து, தேய்க்காமல் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுவேன். காலை இரண்டு நிமிடம், ராத்திரி இரண்டு நிமிடம். பேஸ்ட்டைத் துப்பியதும் வாய் கொப்பளிக்க மாட்டேன், அந்த மருந்து பல்லிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பல்லிடுக்குக்குத் தனி நூல். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டால் அரைமணி நேரம் கழித்துத்தான் பிரஷ். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே கடலைமிட்டாய் ஒரு துண்டுகூடக் கிடையாது. பிரஷின் மயிர் விரிய ஆரம்பித்தால் அன்றே புதுசு. அக்கம்பக்கத்தார் என்னைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். உபதேசத்துக்குப் பயந்துதான்.

சம்யுக்தாவுக்கும் துடைப்பு செய்துவிடலாம் என்று அப்போதே சொன்னேன். அவள் டாக்டரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்றாள்.

"எனக்கு இருக்கறதே போதுங்க மாமா."

அவளுக்கு ஈறில் கோளாறு இல்லை, கண்ணாடி வந்த பிறகும் மார்க் எண்பத்து நான்குக்குக் கீழே போனதில்லை. சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் பழைய கிருமி திரும்ப ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் விடவில்லை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. என் காபி டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பாள். அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் எதையும் அண்ணாந்துதான் குடிப்பார்கள், எச்சில் பட்டால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அந்த வீட்டுப் பெண் என் டம்ளரில் மட்டும் உதட்டை வைத்தாள். துடைப்புக்குப் பிறகு நான் அந்த டம்ளரை வாங்குவதை நிறுத்தினேன். அவள் உறிஞ்சினால் உறிஞ்சட்டும் என்று எனக்கென்று வேறு டம்ளர் வைத்துக்கொண்டேன். முத்தம் கொடுப்பதும் நின்றது. அதையெல்லாம் நான் சுகாதாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது என் மூளை வேறு கணக்குப் போட்டது. எனக்கு இருக்கறதே போதும் என்றாளே, இருந்தவன் யார்?

ஆள் தேட நான் வெகுதூரம் போகவில்லை. கீழ்வீட்டில் என் தம்பி ரிஷி தனியாக இருக்கிறான். அவன் மனைவி வெளிநாட்டு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். தினமும் காலை காபிக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். அண்ணி அண்ணி என்று சமையலறை வாசலில் நின்றுகொண்டு கம்பெனிக் கதை சொல்வான், அவள் சிரிப்பாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

ரிஷியின் பல்லைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். அவன் வீட்டில் கண்ணாடி இல்லை. கிடைத்த பிரஷில் கிடைத்த பேஸ்ட்டை வைத்து நாலு இழுப்பு இழுப்பான். பல் மட்டும் சோளக்கதிர்போல் வரிசையாக இருக்கும். சின்ன வயதில் போட்டோ எடுக்கும்போது அவனைச் சிரிக்கச் சொல்வார்கள், என்னை வாயை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். அவனுக்குக் கடவுள் கொடுத்தது எனக்கு இரண்டு வேளை உழைத்தும் முழுதாக வரவில்லை. பல்தான் அப்படி, பெண்டாட்டியுமா?

கண்ணாடியில் விருந்தாளி என்று ஒரு பொத்தான் உண்டு. யாருடைய எச்சிலைக் காட்டினாலும் நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டு உடனே சொல்லும். எனக்குத் தேவை தம்பியின் எச்சில். இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். அடுத்த நாள் காபி குடித்துவிட்டு அவன் வைத்த டம்ளரைத் தூக்கிக்கொண்டு பேசினுக்கு ஓடினேன். கண்ணாடி, மாதிரி இல்லை என்றது. பயல் அண்ணாந்து குடிக்கிறவன். கொதிக்கிற காபியைக்கூட ஆற்றி அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வான். எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு. கேசரியை ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன், ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டான். ஸ்ட்ரா போட்டு இளநீர் வாங்கி வந்தேன். ஸ்ட்ராவைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காயைத் தலைக்கு மேலே தூக்கினான். ஒரு மனுஷன் ஐந்து நாள் எதிலும் எச்சில் படாமல் வாழ்ந்ததைப் பார்த்து, இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறவன் நிச்சயம் எதையோ மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழி கிடைத்தது. பொங்கலுக்கு வாங்கிய கரும்பு இரண்டு கழி மிச்சமிருந்தது. மொட்டை மாடியில் உட்கார்ந்து மூன்று பேரும் கடித்தோம். நான் கடிப்பதுபோல் பாவனை செய்தேன், இனிப்பாயிற்றே. ரிஷி கணுவைக்கூட விடாமல் கடித்துச் சப்பிச் சக்கையைக் காகிதத்தில் துப்பினான். அவர்கள் கீழே இறங்கியதும் நான் குனிந்து அந்தச் சக்கையைப் பொறுக்கி, கம்பெனியில் சாம்பிள் போடுகிற கவரில் போட்டுக்கொண்டேன். இனிமேல் என்னை யாராவது எச்சில் பொறுக்கி என்று திட்டினால் மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.

சக்கையைத் தண்ணீரில் நனைத்து, விருந்தாளிப் பொத்தானை அழுத்தி, அந்தத் தண்ணீரைப் பேசினில் ஊற்றினேன். கண்ணாடி கொஞ்ச நேரம் யோசித்தது.

பதிவில்லாதவருடன் ஒற்றுமை: அறுபத்தொன்று.

அறுபத்தொன்று என்றால் என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஊரில் அறுபதுக்கு மேல் என்றால் என்ன அர்த்தமோ அதுதான். அவளிடமும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், இல்லையென்பாள், நான் நம்பித் தொலைப்பேன். கம்பெனியில் கறை பட்ட துணியிடம் யாரும் விசாரணை நடத்துவதில்லை, கறையைத்தான் எடுப்போம். அவள் வாயிலிருந்து அவனைத் துடைத்தெடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

பழைய துடைப்பு மருந்தில் ஒரு பாட்டில் என் அலமாரியில் மீதியிருந்தது. அதற்கு நிறமுமில்லை, ருசியுமில்லை. சம்யுக்தா தினமும் காலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பாள். அவள் அடுப்படியில் தண்ணீரைக் கலந்து பேசினுக்கு அருகில் வைத்துவிட்டுப் பால் வாங்கக் கீழே போவாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்த நேரத்தில் என் வேலையை முடித்தேன். திங்களன்று கண்ணாடி பழைய கணக்கையே காட்டியது, போன வாரத்துக் கணக்கு அது. இன்னும் ஒரு வாரம்தான் உன் ஆட்டம் என்று அந்தப் பதிவில்லாதவனுக்குச் சொல்லிக்கொண்டேன். வியாழன் முதல் அவள் பேஸ்ட்டில், அதே அலமாரியில் மிச்சமிருந்த நல்விதைப் பொடி.

ரிஷியிடம், வீட்டில் ஈறு தொற்று வந்திருக்கிறது, கொஞ்ச நாள் காபிக்கு வராதே என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனாண்ணா?" என்று கேட்டான். உனக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

மருந்து வேலை செய்தது. செவ்வாய்க்கிழமையே அவள் முகம் சுளித்தாள். புதன்கிழமை காபியை வாயில் வைத்துவிட்டு நெடுநேரம் அப்படியே நின்றாள்.

"வாயெல்லாம் சப்புன்னு இருக்குதுங்க மாமா. யாரோ வீட்டுக் காபி மாதிரி இருக்குது."

எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை மாலை டாக்டர் மெர்சி ரூபாவதியிடம் நான் ஆறு மாதத்துக்கொரு முறை பல் சுத்தம் செய்துகொள்கிற நாள். பற்காரை எடுத்து முடித்ததும், கண்ணாடியிலிருந்து எடுத்து வந்த தாளை நீட்டினேன். தம்பி பெயரைச் சொல்லாமல், இந்தப் பதிவில்லாதவரும் விருந்தாளியும் ஒருவர்தான் என்று எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அந்தக் கடுதாசியைச் சம்யுக்தாவின் அப்பா முன்னால் வைப்பது, அவளை அவரோடு அனுப்பிவிடுவது என்பதுவரை நான் யோசித்து வைத்திருந்தேன்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஆளா இருந்தா தொண்ணூத்தஞ்சுக்கு மேல வரும். இது அறுபத்தொண்ணு. இது அண்ணன் தம்பி அளவு."

புரியவில்லை என்றேன்.

"பொறந்த குழந்தை வாய்ல முதல்ல குடியேறறது அம்மாவோட கிருமி. அவங்க ஊதி ஊட்டுவாங்க, பதம் பார்த்துட்டு ஊட்டுவாங்க. ஒரே அம்மாகிட்ட வளர்ந்த ரெண்டு பேருக்கு இந்த மாதிரி அறுபது, அறுபத்தஞ்சு ஒத்துப்போகும். அப்புறம் வளர வளரத் தனித்தனியாப் பிரியும்."

எங்கள் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் வாதாடினேன். எச்சில் விஷயத்தில் அவ்வளவு கறார். ஒரு மிட்டாயை எங்கள் இருவருக்கும் பங்கு போடுவதென்றால்கூட முந்தானையைச் சுற்றிக் காக்காக்கடிதான் கடித்துக் கொடுப்பாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "துணி ஈரமாகுமில்ல? நீங்க பனியன் கம்பெனிக்காரர், உங்களுக்குத் தெரியாதா, துணி எதைத் தடுத்துச்சு? சரி, இந்த விருந்தாளி யாரு?"

"என் தம்பி."

"உங்க அம்மாவுக்கு எத்தனை பசங்க?"

"ரெண்டு பேர்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. டாக்டர் கணினியில் என் பழைய பதிவைத் திறந்தார். துடைப்புக்கு முந்தின நாள் என் வாயிலிருந்து எடுத்த கணக்கு. எங்கள் வீட்டுக் கண்ணாடி அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது, ஆகவே அதற்கு அந்த ஆளைத் தெரியாது. அந்தக் கணக்கையும் தாளில் இருந்த பதிவில்லாதவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒற்றுமை தொண்ணூற்றேழு.

"இது உங்க கிருமிதாங்க. பழைய நீங்க. நான் மூணு வருஷம் முன்னாடியே உங்க மனைவிகிட்ட சொன்னேனே, அவங்க சொல்லலையா? கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரே டம்ளர்ல குடிச்சிருக்கீங்க, பாதிக்கு மேல உங்களோடதுதான் இருக்குன்னு. அவங்க வாய்ல அது கெடுதலும் பண்ணலை. உங்களுக்கு ஒத்துக்காதது அவங்களுக்கு ஒத்துப்போச்சு. துடைச்சா அவரோடது மொத்தமாப் போயிடுமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்ப வேண்டாம், அவரு விட்டதை நான் வச்சுக்கறேன்னு சிரிச்சுட்டே எந்திரிச்சுப் போனாங்க."

ஒட்டு ஏன் பதினொன்றானது என்று கேட்டேன்.

"கம்பெனி விதை வேற எதுக்கும் இடம் குடுக்காது. அதுவுமில்லாம நீங்க அவங்க பக்கமே போகலைன்னா எப்படி ஏறும்?"

கடைசியாக, உங்களிடம் என் பழைய கிருமி எங்காவது பத்திரமாக இருக்குமா என்று கேட்டேன்.

"எங்ககிட்ட கணக்கு மட்டும்தான் இருக்கு. உயிரோட இருக்கறது அவங்க வாய்ல மட்டும்தான். ஏன் கேக்கறீங்க?"

சும்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவளிடம் சொல்லிவிடுவதற்காக வாயைத் திறந்து திறந்து மூடினேன். மூன்று வருடம் இந்த வீட்டில் நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய ஒருவனை அவள் இடம் கொடுத்து வைத்திருந்தாள். நாற்றமடித்தவன், கைக்குட்டையால் வாயை மறைத்தவன், போட்டோவில் சிரிக்கத் தெரியாதவன். அவன்மேல்தான் எனக்குப் பொறாமை. உண்மையைச் சொன்னால் அந்தப் பொறாமை இன்னும் தீரவில்லை. அவனை அவள் வைத்துக்கொண்ட மாதிரி என்னை வைத்துக்கொள்ளவில்லையே.

திங்கட்கிழமை காலை நான் எழுந்து வரும்போது சம்யுக்தா பேசின் முன்னால் நின்றிருந்தாள். கையில் பிரஷ், உதட்டோரத்தில் நுரை. கண்ணாடியின் நான்கு மூலையிலும் பூ விரிந்து விரிந்து மூடியது.

ஒட்டு: தொண்ணூற்றொன்பது. உங்கள் தெருவில் முதலிடம். வாழ்த்துகள்!
பதிவில்லாதவர்: எவருமில்லை.

அவள் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உப்புத் தண்ணீர் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதில் அன்று உப்பு மட்டும்தான் இருந்தது. கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள்.

"என்னத்தைப் போட்டீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கரும்புச் சக்கையை மட்டும் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், அதையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவுமில்லை. நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள், விழுந்துபோன பல்லைத் தேடுகிறவர்கள் செய்வதுபோல.

"கேட்டிருக்கலாமில்லீங்களா மாமா? ஒரு வார்த்தை."

முகம் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். டிகாக்‌ஷன் வாசம் வந்தது. நான் எனக்கென்று வைத்திருந்த டம்ளரை உள்ளே தள்ளிவிட்டு, அந்தப் பழைய டம்ளரை எடுத்து மேடையில் வைத்தேன். இனி நமக்குள் பயமில்லை, இரண்டு பேர் வாயிலும் ஒன்றுதான் என்று சொல்ல நினைத்தேன். என்ன சொல்லியும் பிரயோஜனமில்லை என்று தெரிந்தும், அவள் அந்த டம்ளரைப் பார்த்ததும் அதை அவள் பக்கம் நகர்த்தினேன்.

காபியை ஆற்றி அதில் ஊற்றினாள். எப்போதும்போல் முதலில் தானே எடுத்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரை உதட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒரே ஒரு வாய் அண்ணாந்து குடித்தாள். பிறகு என் முன்னால் வைத்தாள்.

"குடிங்க மாமா. எச்சில் படலீங்க."